லெந்து நாட்களில் மரத்தடியில் மன்னிப்பைப் பார்ப்பது: முழுமையான வழிகாட்டி

லெந்து காலத்தில், கத்தோலிக்கர் சொல்கிற தவக்காலத்தில், வாரம் ஒரு நாள் வெளியே போய் ஒரு மரத்தின் முன்னாலோ செடியின் முன்னாலோ உட்கார்ந்து, கிறிஸ்து தந்த மன்னிப்பையும் மீட்பையும் நினைத்துக்கொள்வது எப்படி என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதியிருக்கிறேன். எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்தில் தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் உள்ள பக்கம், அதனால் உதாரணங்கள் எல்லாம் அங்கிருந்துதான் வரும். உங்கள் ஊரில் வேறு மரம் இருக்கும், வரிசை மாறாது.

ஆறு வருஷமாகச் சபையில் சிலரைக் கூட்டிக்கொண்டு போகிறேன். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது எப்போதும் ஒரே இடத்தில்தான். வசனத்தை முதலில் எடுத்துக்கொண்டு, அதற்குப் பொருந்துகிற மாதிரி ஒரு பூவைத் தேட ஆரம்பித்துவிடுகிறார்கள். அப்படிப் போனால் பூவையும் பார்ப்பதில்லை, வசனமும் உள்ளே இறங்குவதில்லை. அதனால் கீழே இருக்கிற படிகளை இதே வரிசையில் செய்யுங்கள், எதையும் தாண்டிப் போகாதீர்கள்.

1. கிளம்புவதற்கு முன்

நேரம்: காலை 6 மணி, இல்லையென்றால் மாலை 5 மணி. பத்து மணிக்கு மேல் போனால் வெயில்தான் ஞாபகம் இருக்கும், வேறு ஒன்றும் இருக்காது. லெந்து தொடங்குகிற சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டருக்கு முந்தின நாள் வரை, ஞாயிறுகளையும் சேர்த்து 46 நாள். நம் கணக்கில் மாசியும் பங்குனியும். அரசும் புங்கமும் இலை கொட்டித் துளிர்ப்பதும், வேம்பு பூக்க ஆரம்பிப்பதும் இந்தச் சமயத்தில்தான், ஆகவே பார்ப்பதற்கு எதுவும் இல்லாமல் போகாது.

இடம்: வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடைக்குள் இருக்கட்டும். தூரமான அழகான இடமாகத் தேர்ந்தெடுத்தவர்கள் யாரும் மூன்றாவது வாரத்தைத் தாண்டியதில்லை. கொல்லைப்புறம், கல்லறைத் தோட்டம், குளக்கரை, ரயில்வே லைன் ஓரம், எதுவானாலும் சரி. அடுத்தவர் தோட்டம் என்றால் முதல் நாளே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் நோட்டும் கையுமாக ஒருத்தர் வரப்பில் உட்கார்ந்திருந்தால் நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

கையில்: ஒரு 40 பக்க நோட்டு, பென்சில், தண்ணீர். காலில் முள் ஏறாத செருப்பு. போனை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது, முடியாதென்றால் அணைத்துப் பையில் போடுங்கள். காய்ந்த பனையோலைக் குவியலுக்குள் கையை விடாதீர்கள், எங்கள் பக்கம் சுருட்டை விரியன் அதற்குள்தான் கிடக்கும்.

பைபிள் வேண்டும், ஆனால் பைக்குள்ளேயே இருக்கட்டும். எப்போது எடுப்பது என்று பின்னால் சொல்கிறேன்.

2. முதலில் பேர், அப்புறம் நடை

வீட்டை விட்டு இறங்குவதற்கு முன்னால் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு பேரை எழுதுங்கள். நீங்கள் யாருக்குத் தப்பு செய்தீர்களோ அவர் பேர், அல்லது யார் உங்களுக்குத் தப்பு செய்தாரோ அவர் பேர். ஒன்றே ஒன்று.

இது எதற்கு என்றால், பேர் இல்லாத மன்னிப்பு வெறும் நல்ல எண்ணமாக நின்றுவிடும். 'ஆண்டவரே எல்லாருடைய பாவத்தையும் மன்னியும்' என்று ஜெபிக்கும்போது நமக்கு ஒன்றும் வலிக்காது. சின்னத்தம்பி என்றோ மதினி என்றோ ஒரு பேரை எழுதிவிட்டு அதே ஜெபத்தைச் சொல்லிப் பாருங்கள், தொண்டையில் எங்கே அடைக்கிறது என்று தெரியும்.

முதல் வருஷம் நான் எழுதியது என் அண்ணன் பேர். பாகப்பிரிவினை சமயத்தில் எல்லையில் நின்ற வேப்பமரத்தை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிட்டான், அதிலிருந்து நாலு வருஷம் பேச்சு இல்லை. 'எனக்குத் தப்பு செய்தவன்' என்றுதான் அவன் பேரை எழுதினேன். அந்த அடிமரத்தின் முன்னால்தான் உட்காரவும் செய்தேன். அதைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

இதில் புதியவர்கள் செய்கிற பிழை, மூன்று நான்கு பேர்களை எழுதுவது. நிறையப் பேர் இருந்தால் அன்றைக்கு எது சுலபமோ அந்தப் பேருக்கு மனசு ஓடிவிடும். இன்னொரு பிழை, 'என்னையே நான் மன்னிக்கவேண்டும்' என்று தன் பேரையே எழுதுவது. அதற்கும் இடம் உண்டு, ஆனால் முதல் லெந்திலேயே அங்கே போனால் அடுத்தவரைச் சந்திக்கும் வேலையிலிருந்து தப்பித்துக்கொள்கிறோம்.

3. ஒரே இடம், ஒரே பொருள், 15 நிமிஷம்

ஆறு வாரமும் ஒரே இடத்துக்குப் போங்கள். அந்த இடத்தில் ஒரே பொருளைப் பாருங்கள். ஒருமுறை போனால் கிடைப்பது ஒரு காட்சி. ஆறுமுறை போனால்தான் அந்த மரத்துக்கு என்ன நடக்கிறது என்று தெரியும். மீட்பு என்பதே நடக்கிற ஒன்று, அதைப் படம் எடுத்து வைத்துக்கொள்ள முடியாது.

எதைத் தேர்ந்தெடுப்பது? அழகானதை விடுங்கள். அடிபட்டதை, வெட்டுப்பட்டதை, காய்ந்ததை, காய்க்காமல் நிற்பதைப் பாருங்கள். மன்னிப்பைத் தேடிப் போகிறவர் காயம் இருக்கிற இடத்துக்குத்தான் போகவேண்டும்.

உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிஷம் மனசு வீட்டு வேலையிலேயே இருக்கும். அது பரவாயில்லை, எழுந்து மட்டும் போகாதீர்கள். ஏழாவது எட்டாவது நிமிஷத்தில்தான் கண் வேலை செய்ய ஆரம்பிக்கும், எறும்பு எங்கே ஏறுகிறது, பட்டை எங்கே வெடித்திருக்கிறது என்றெல்லாம் தெரியவரும்.

வெட்டின ஒரு முருங்கையை எடுத்துக்கொள்வோம். காற்றில் முறிந்ததை யாரோ இடுப்பளவில் அறுத்துவிட்டிருக்கிறார்கள். மேலே வெட்டுவாய் வட்டமாக, காய்ந்து, சாம்பல் நிறத்தில் இருக்கும், அதில் ஒன்றும் முளைக்காது. முளை வருவது அதற்குக் கீழே, பட்டையின் பக்கவாட்டில். முதல் வாரம் பட்டையில் ஒரு சின்னப் புடைப்பு, கடுகளவு பச்சை. இரண்டாவது வாரம் அது விரல் நீளம், இலை இன்னும் விரியாமல் மடங்கிக் கிடக்கும். நாலாவது வாரம் போனால் கிளை கிளையாக நிற்கும். ஆனால் அந்த வெட்டுவாய் அப்படியேதான் இருக்கும். மரத்துக்கு வெட்டுண்ட கட்டையைப் பழையபடி ஆக்கத் தெரியாது. அந்த இடத்தைச் சுற்றி அடைத்துக்கொண்டு, ஓரத்திலிருந்து புதுப் பட்டையை மெல்ல மெல்ல வளர்த்து மூடப் பார்க்கும். காயம் உள்ளே இருக்கும், மரம் அதைத் தாண்டி வளரும்.

இதை நான் எவ்வளவோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன், ஆனால் நேரில் விரலை வைத்துத் தடவிப் பார்த்தவர்களுக்குத்தான் உறைத்தது. உயிர்த்தெழுந்த ஆண்டவரின் கையில் ஆணித் தழும்பு இருந்தது, தோமாவை அவர் அங்கேதான் விரலை நீட்டச் சொன்னார். மன்னிப்பு தழும்பைத் துடைத்து எடுப்பது என்று நினைத்துக்கொண்டு, தழும்பு போகவில்லையே, அப்படியென்றால் நான் மன்னிக்கவில்லை போலும் என்று வருஷக்கணக்காக மருகுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களை இந்த முருங்கைக்கு முன்னால் உட்காரவைக்க வேண்டும்.

4. நோட்டில் மூன்று வரி, வசனம் இல்லாமல்

பதினைந்து நிமிஷம் முடிந்ததும் எழுதுங்கள். மூன்றே வரி.

ஒன்று, என்ன பார்த்தேன். இரண்டு, இதற்கு என்ன நடந்திருக்கிறது. மூன்று, இன்னும் என்ன முடியாமல் இருக்கிறது.

மூன்றாவது வரிதான் முக்கியம். முதல் இரண்டு வரியோடு நிறுத்தினால் எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்ட கதை மாதிரி ஆகிவிடும். துளிர் வந்திருக்கிறது, ஆனால் நாலில் ஒன்று கருகிவிட்டது, வெட்டுவாயில் கரையான் ஏறியிருக்கிறது என்பதெல்லாம் அந்த மூன்றாவது வரியில் வரும். உங்கள் கடைசிப் பக்கத்துப் பேரும் முடியாத ஒரு காரியம்தான்.

'அழகு', 'அற்புதம்', 'தேவனுடைய படைப்பு எவ்வளவு பெரியது' என்ற வார்த்தைகளை இந்த மூன்று வரியில் எழுதாதீர்கள். அவை உண்மைதான், ஆனால் அவற்றை எழுதினவுடன் கண் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. 'துளிர் செம்பு நிறம், நுனியில் பால் மாதிரி ஒரு துளி' என்று எழுதினால் இன்னும் ஒரு நிமிஷம் கூடப் பார்ப்பீர்கள்.

5. இப்போது வசனம்

இப்போது பைபிளை எடுக்கலாம். நான் பார்த்தது எதை ஞாபகப்படுத்துகிறது என்று கேளுங்கள், ஞாபகம் வருகிற இடத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனம் வாசியுங்கள். ஒன்றும் ஞாபகம் வரவில்லை என்றால் அன்றைக்கு வசனம் இல்லாமலே வீட்டுக்குப் போங்கள். ஒன்றும் கெட்டுப்போகாது. நடுவாரத்தில் குடும்ப ஜெபத்திலோ ஞாயிறு ஆராதனையிலோ ஒரு வசனம் வந்து அந்த நோட்டுப் பக்கத்தின் மேல் உட்காருவதை நானே பலமுறை கண்டிருக்கிறேன்.

பத்து வசனம் எதற்கு என்பதற்கு யோபு 14 ஒரு நல்ல உதாரணம். வெட்டின மரத்தைப் பார்த்த யாருக்கும் 'ஒரு மரத்தைக்குறித்தாவது நம்பிக்கையுண்டு' என்ற ஏழாம் வசனம் நினைவுக்கு வரும். தண்ணீரின் வாசனையினால் துளிர்க்கும் என்று அடுத்து வருகிற வார்த்தை இன்னும் இனிக்கும். ஆனால் யோபு அதைச் சந்தோஷமாகச் சொல்லவில்லை. பத்தாம் வசனத்தில், மரத்துக்காவது அது உண்டு, மனுஷனோ செத்தால் ஒழிந்துபோகிறான் என்று அழுகிறான். பதினாலாம் வசனத்தில், மனுஷன் செத்தபின் பிழைப்பானோ என்று கேட்கிறான். அந்தக் கேள்விக்குப் பதில் மரத்தில் இல்லை, ஈஸ்டர் காலையில்தான் இருக்கிறது. ஏழாம் வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு எழுந்தவர்களுக்கு ஆறுதல் கிடைக்கும், யோபுவின் கேள்வி கிடைக்காது.

எங்கள் பக்கத்தில் நாங்கள் பார்த்தவற்றில் இன்னும் சில.

பருத்தி. கோவில்பட்டிப் பக்கம் கரிசல் காட்டில் மாசியில் பருத்தி வெடித்து நிற்கும். ஏசாயா 1:18-ஐ வாசிக்க அதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. மூல எபிரெயத்தில் பனியும் ஆட்டுமயிரும் வருகிற இடத்தில், நம் பழைய தமிழ் வேதாகமம் பனியை 'உறைந்த மழை' என்றும் ஆட்டுமயிரைப் 'பஞ்சு' என்றும் வைத்திருக்கிறது. பனியைப் பார்க்காத எங்களுக்கு உறைந்த மழை வெறும் வார்த்தை, பஞ்சு அப்படியில்லை. ஒரு காயை எடுத்துப் பிரித்துப் பாருங்கள். கொட்டை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும், காய்ந்த சருகு நூலோடு நூலாகச் சிக்கியிருக்கும், கையால் எடுக்க எடுக்க வரும். செடியிலிருக்கும்போது அது பருத்திதான், கொட்டை நீக்கின பிறகுதான் பஞ்சு. 'பஞ்சைப்போலாகும்' என்கிற வாக்குக்குள் யாரோ ஒருவர் உட்கார்ந்து கொட்டையைப் பிரிக்கிற வேலையும் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பூவரசம்பூ இதற்கு நேர் எதிர். காலையில் மஞ்சள், சாயங்காலம் சிவந்து சுருங்கி விழும். தானாகவே அது மறுபடி மஞ்சளாவதில்லை. இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்த ஒரு அக்கா, சிவப்பிலிருந்து வெள்ளைக்குப் போவது எந்தப் பூவுக்கும் முடியாதது என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது என்று நோட்டில் எழுதியிருந்தார்.

சிறுபூனைக்காலி. வேலியோரத்தில், ரயில்வே லைன் பக்கத்தில் படர்ந்து கிடக்கும் கொடி, கசக்கினால் ஒரு நாற்றம் வரும், பழத்தைச் சுற்றிப் பாசி மாதிரி வலை இருக்கும். பலபேர் இதைக் களை என்றுதான் பார்த்திருப்பார்கள். பூ காலையில் விரிந்து மதியத்துக்குள் மூடிவிடும், ஆகையால் இதைப் பார்க்க வேண்டுமென்றால் காலையில்தான் போகவேண்டும். குனிந்து பாருங்கள். நடுவில் மூன்று சூல்முடிகள், ஆணித் தலை மாதிரி. அதற்குக் கீழே ஐந்து மகரந்தப் பைகள். சுற்றிலும் வெள்ளையும் ஊதாவுமாக நூல் நூலாக ஒரு வளையம். வெளியே பத்து இதழ்கள். இந்தக் குடும்பத்துக் கொடிகளைத் தென் அமெரிக்காவில் கண்ட ஸ்பானிய மிஷனரிகள், மூன்றையும் ஆணிகளாக, ஐந்தையும் காயங்களாக, வளையத்தை முள்முடியாக, பத்து இதழையும் பத்து அப்போஸ்தலராக எண்ணிக் கிறிஸ்துவின் பாடுகளின் பூ என்றார்கள். பன்னிரண்டில் பத்துதான் ஏனென்றால், காட்டிக்கொடுத்த யூதாசையும் மறுதலித்த பேதுருவையும் விட்டுவிட்டார்கள்.

இந்தப் பூவின் முன்னால் எனக்கு எப்போதும் அந்த விடுபட்ட பேர்தான் நினைவுக்கு வரும். கணக்கு போட்ட மனுஷர் பேதுருவைக் கழித்துவிட்டார்கள். ஆண்டவர் கழிக்கவில்லை. யோவான் 21-இல் கடற்கரையில் கரிநெருப்பு மூட்டி, மூன்று தடவை மறுதலித்தவனிடம் மூன்று தடவை கேட்டு, என் ஆடுகளை மேய் என்று வேலையையும் கொடுத்தார். மறுதலித்த இரவிலும் குளிருக்குக் கரிநெருப்பு எரிந்தது என்று யோவான் 18 சொல்கிறது. இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

(குழந்தைகள் இந்தக் கொடியின் பழத்தைத் தின்பார்கள். நன்றாகப் பழுத்ததை மட்டும்தான் தின்னலாம், பச்சைக்காய் கூடாது.)

காய்க்காத மரம். இதற்குக் கண் போதாது, கை வேண்டும். லூக்கா 13-இல் தோட்டக்காரன், 'இது இந்த வருஷமும் இருக்கட்டும்' என்று கெஞ்சிவிட்டு, சுற்றிலும் கொத்தி எருப்போடுவேன் என்கிறான். உங்கள் வீட்டில் காய்க்காத எலுமிச்சையோ கொய்யாவோ இருந்தால் மண்வெட்டியை எடுத்து வட்டப்பாத்தி கட்டுங்கள். அடிமரத்தை ஒட்டிக் கொத்தாதீர்கள், வேர் அறுந்துவிடும், கிளையின் நிழல் விழுகிற ஓரத்தில் கொத்தி மக்கின சாணம் போடுங்கள். அரைமணி நேரத்தில் இடுப்பு வலிக்கும். அடுத்தவருக்காகப் பரிந்து பேசினவன்தான் அந்த எருவையும் சுமக்கவேண்டும் என்பது அப்போதுதான் புரியும். நமக்காகப் பரிந்து பேசுகிறவர் எதைச் சுமந்தார் என்பதும்.

கடல். மீகா 7:19, பாவங்களைச் சமுத்திரத்தின் ஆழங்களில் போடுவதைச் சொல்கிறது. மணப்பாட்டிலோ திருச்செந்தூர்ப் பக்கத்திலோ கரையில் நின்றால் இது எளிதாக ஞாபகம் வரும். பாவத்தைத் தாளில் எழுதிக் கடலில் வீசுகிற பழக்கம் சில முகாம்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அலை அதைத் திரும்பக் கரைக்குத்தான் கொண்டுவரும், வசனத்துக்கு நேர் மாறான படம். ஈர மணலில் விரலால் எழுதுங்கள், அடுத்த அலைக்குக் காத்திருங்கள். அதோடு ஆழம் என்ற வார்த்தையை விட்டுவிடாதீர்கள், கரையோரத்தில் போட்டதை எவனும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நாமே எடுத்துக்கொள்கிறோம்.

பனங்கொட்டை. நிலத்தில் விழுந்து சாகிற கோதுமை மணியைச் சொல்கிற யோவான் 12:24-க்கு எங்கள் ஊர் விளக்கம் இதுதான். மணலில் பாத்தி கட்டிப் புதைத்த கொட்டை, கிழங்கு கீழே இறங்க இறங்கத் தன்னிடமிருந்ததை எல்லாம் அதற்குக் கொடுத்துவிட்டுக் கடைசியில் வெறும் ஓடாக நிற்கும். லெந்தில் கிழங்குக் காலம் முடிந்திருக்கும், ஆனால் பிடுங்கின பாத்தியில் அந்தக் காலி ஓடுகள் குவியலாகக் கிடக்கும். ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

6. பார்த்ததைச் சோதிக்க மூன்று கேள்விகள்

மற்றவர்களிடம் பகிர்வதற்கு முன்னால் இதைச் செய்யுங்கள். தனியாக வைத்துக்கொள்வதானாலும் செய்வது நல்லது.

முதல் கேள்வி: இது உண்மையிலேயே நடக்கிறதா? கழுகு நாற்பது வயதில் மலையில் ஏறி, அலகைப் பாறையில் அடித்து உடைத்து, நகத்தைப் பிடுங்கி, புதிதாக முளைத்தபின் இன்னும் முப்பது வருஷம் வாழும் என்ற கதையை எத்தனை கூட்டங்களில் கேட்டிருப்பீர்கள். அப்படி ஒன்று நடப்பதே இல்லை. அலகு உடைந்த கழுகு பட்டினி கிடந்து செத்துப்போகும். சங்கீதம் 103:5 கழுகைச் சொல்கிறது, சரி, ஆனால் அலகு உடைப்பதைச் சொல்லவில்லை. கழுகு தன் இறகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக, பறப்பதை நிறுத்தாமலே உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கிறது. எனக்கு அந்த உண்மையே போதும்.

முத்தும் அப்படித்தான். மணல் துகள் உறுத்தியதால் சிப்பி அழுது முத்தாக்கியது என்பார்கள். மணலைச் சிப்பி சாதாரணமாக வெளியே தள்ளிவிடும், பெரும்பாலும் ஒட்டுண்ணியோ உள்தசையில் பட்ட காயமோதான் காரணம். 1973-இல் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் வளர்ப்பு முத்து எடுத்ததுகூட, ஓட்டில் செய்த மணியோடு இன்னொரு சிப்பியின் தசைத் துண்டையும் சேர்த்து உள்ளே வைத்துத்தான். கூழைக்கடாப் பறவை தன் மார்பைக் கிழித்துக் குஞ்சுக்கு இரத்தம் ஊட்டும் என்ற பழைய கதையும் ஆலயச் சித்திரங்களில் உண்டு. நாங்குநேரி பக்கத்தில் கூந்தன்குளத்துக்குப் போய் மரத்தின் மேல் கூட்டைப் பாருங்கள், குஞ்சு தாயின் தொண்டைப் பைக்குள் தலையை விட்டு மீனைத்தான் எடுக்கும். சித்திரத்தைச் சித்திரமாக வைத்துக்கொள்ளலாம், அதை நடந்ததாகச் சொல்லக்கூடாது. மன்னிப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு பொய்யைத் துணைக்குக் கூப்பிட்டால், கேட்கிற பையன் ஒருநாள் போனில் தேடிப் பார்த்து, மற்றதும் பொய்தானோ என்று நினைப்பான்.

இரண்டாவது கேள்வி: இழப்பில் இருக்கிறவர் முன்னால் இதைச் சொல்ல முடியுமா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் பக்கம் பெய்த மழையை நினைத்துக்கொள்ளுங்கள், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அடுத்த லெந்தில் ஒரு சகோதரர் குழுவில் எழுந்து, மழை நம் பாவத்தைக் கழுவுகிற கிருபையின் அடையாளம் என்று ஆரம்பித்தார். வீட்டில் கழுத்தளவு தண்ணீர் ஏறிய குடும்பம் எதிரே உட்கார்ந்திருந்தது. அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. ஆனாலும் அந்த வீட்டு அம்மா எழுந்து வெளியே போனார்கள். அதே தண்ணீர் ஒருவருக்குக் கிருபை, இன்னொருவருக்குச் சேறு. யாருக்குச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்லவேண்டும்.

மூன்றாவது கேள்வி: இதில் விலை எங்கே இருக்கிறது? இது கொஞ்சம் கடினம், ஆனால் விடக்கூடாது. இலை உதிரும், துளிர்க்கும், மறுபடி உதிரும். அது சுற்று, மீட்பு வேறு. அடகு வைத்த நகையை மீட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடையில் போய் நின்று, யாராவது பணத்தைக் கட்டினால்தான் சங்கிலி கைக்கு வரும். காலம் போகப் போக அது தானாகத் திரும்பி வராது, வட்டிதான் ஏறும். ஆகவே துளிரை மட்டும் பார்த்துவிட்டு, 'எல்லாம் காலப்போக்கில் சரியாகும்' என்று நோட்டில் எழுதினால், நீங்கள் சிலுவையைத் தாண்டிக்கொண்டு ஈஸ்டருக்குப் போய்விட்டீர்கள். மரம் மன்னிப்பதில்லை, மரம் ஞாபகப்படுத்தும், அவ்வளவுதான். மன்னிக்கிறவர் வேறு.

7. ஏழு நாளுக்குள் அந்த ஆளிடம் போவது

மூன்றாவது வாரம் முடிந்ததும் கடைசிப் பக்கத்தைத் திறந்து, அந்தப் பேருக்குக் கீழே நீங்கள் செய்த ஒன்றை எழுதுங்கள். அவர் செய்தது வேண்டாம், நீங்கள் செய்தது. எவ்வளவு சின்னதானாலும் சரி.

மூன்று வாரம் நான் அந்த வேப்பமரத்தின் அடியில் உட்கார்ந்து அண்ணன் வெட்டின வெட்டைத்தான் பார்த்தேன். பட்டையோரத்தில் நாலு துளிர் வந்ததைக் குறித்திருக்கிறேன், யோபு வசனத்தையும் எழுதியிருக்கிறேன். நாலாவது வாரம், எழுத ஒன்றும் இல்லாமல், அவன் மகள் கல்யாணத்துக்கு நான் போகவில்லை என்று எழுதினேன். அந்தப் பிள்ளை சின்ன வயதில் இந்த மரத்தில் கட்டின தூளியில்தான் தூங்கியது, அதை ஆட்டிவிட்டதே நான்தான். மரத்தை அவன் வெட்டினான், அந்தப் பிள்ளையை நான் வெட்டினேன்.

எழுதின ஏழு நாளுக்குள் போங்கள், அதற்கு மேல் தள்ளினால் ஈஸ்டருக்கு அப்புறம் பார்க்கலாம் என்று ஆகிவிடும். காணிக்கையைப் பலிபீடத்தின் முன்னால் வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5:24 சொல்கிற வரிசையும் இதுதான்.

நேரில் போங்கள், தூரமென்றால் போனில் பேசுங்கள். பூவின் படத்தோடு ஒரு வசனத்தை வாட்ஸ்அப்பில் அனுப்புவது மன்னிப்பு கேட்டதாகாது, அதைப் பார்க்கிறவருக்கு வழக்கமான காலை வணக்கம் மாதிரித்தான் இருக்கும்.

'நீங்கள் மனசு கஷ்டப்பட்டிருந்தால் மன்னித்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லாதீர்கள், அது பாரத்தை அவர் தலையில் வைக்கிறது. 'நான் இன்னதைச் செய்தேன், அது தப்பு' என்று ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். 'ஆனால் நீயும்' என்ற வார்த்தை வாயில் வந்தால் விழுங்கிவிடுங்கள். மரத்தைப் பற்றி, நோட்டைப் பற்றி, லெந்தைப் பற்றி ஒன்றும் சொல்ல வேண்டாம், பயிற்சிக்காக வந்திருக்கிறார் என்று அவருக்குத் தோன்றிவிடும்.

உடனே அவர் மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நான் போன அன்று அண்ணன் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டான், ஒன்றும் சொல்லவில்லை. மதினி காபி கொண்டுவந்து வைத்தார்கள், குடித்துவிட்டு வந்தேன். மரத்தைப் பற்றி அவனாகப் பேச எட்டு மாதம் ஆனது.

ஒன்றை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். அந்தப் பேர் உங்களை அடித்தவர் பேராக, மானத்துக்கோ உயிருக்கோ ஆபத்து செய்தவர் பேராக இருந்தால் இந்தப் படியைச் செய்யாதீர்கள். மன்னிப்பது என்றால் அந்த வீட்டுக்குத் திரும்பிப் போவது என்று அர்த்தமில்லை, புகார் கொடுக்கக்கூடாது என்றும் அர்த்தமில்லை. நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் பேசுங்கள். மன்னிப்பு என்ற வார்த்தையைச் சொல்லியே பெண்களை அடிக்கிற கைக்குத் திருப்பி அனுப்புகிறவர்களைக் கண்டிருக்கிறேன், அது சுவிசேஷம் இல்லை.

8. குழுவோடும் சிறுவரோடும் போவதானால்

எட்டு பேருக்கு மேல் வேண்டாம். போனவுடன் ஆளுக்கொரு பக்கம் பிரிந்துவிட வேண்டும், பேச்சு கடைசி இருபது நிமிஷம் மட்டும். கடைசிப் பக்கத்தை யாரும் யாருக்கும் காட்டக்கூடாது, அதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

சண்டே ஸ்கூல் பிள்ளைகளுக்கு 15 நிமிஷம் முடியாது, ஐந்து போதும். 'இது எதற்கு அடையாளம், சொல்லு' என்று கேட்டீர்களானால் எல்லாப் பிள்ளையும் 'இயேசு' என்று சொல்லும், ஏனென்றால் சண்டே ஸ்கூலில் எந்தக் கேள்விக்கும் அதுதான் சரியான பதில் என்று அதற்குத் தெரியும். 'இந்த மரத்துக்கு எங்கே வலிக்கும்?' என்று கேளுங்கள். போன வருஷம் ஒரு ஏழு வயதுப் பையன் ஆணி அடித்து விளம்பரத் தகரம் தொங்கவிட்டிருந்த புங்கமரத்தைக் காட்டி, பட்டை ஆணியைப் பாதி மூடியிருப்பதைத் தடவிக்கொண்டே, 'இது ஆணியை உள்ளேயே வச்சிக்கிட்டுத்தான் வளருதா?' என்றான். நான் ஆமாம் என்று மட்டும் சொன்னேன்.

9. ஈஸ்டர் விடியலும் அடுத்த வருஷமும்

பெரிய வெள்ளிக்கிழமை வேறெதுவும் செய்ய வேண்டாம், போய் உட்கார்ந்துவிட்டு நோட்டில் எழுதாமல் வாருங்கள். ஈஸ்டர் அன்று அதிகாலை ஆராதனை முடிந்து, வீட்டுக்குப் போகிற வழியில், அதே இடத்துக்கு ஒரு பத்து நிமிஷம் போங்கள். அன்றைக்குச் சேவல் கூவினால் பேதுருவை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று வரியை எழுதுங்கள், மூன்றாவது வரியில் இன்னும் முடியாதது இருந்தால் அதையும் எழுதுங்கள், ஈஸ்டர் என்பதற்காக மறைக்க வேண்டாம்.

கடைசிப் பக்கத்துப் பேரை அடிக்காதீர்கள், பக்கத்தைக் கிழிக்காதீர்கள். நோட்டைப் பைபிளோடு சேர்த்து வைத்துவிட்டு, அடுத்த சாம்பல் புதன் அன்று புது நோட்டை எடுப்பதற்கு முன்னால் பழையதை ஒருமுறை வாசியுங்கள். என் முதல் நோட்டில் 'நாலு துளிர், ஒன்று கருகல்' என்று இருக்கிறது. அந்த மூன்றும் இப்போது ஆள் உயரத்துக்கு மேல் போய்விட்டன, இந்தப் பங்குனியில் அவற்றில் ஒன்று பூத்தது. வேப்பம்பூ ரசத்துக்கு மதினி வந்து பறித்துக்கொண்டு போனார்கள்.